ஐக்கிய அமெரிக்காவில் ஒருபால் திருமணமும் மாநில அதிகாரமும்

ஒருபால் திருமணத்தை ஏற்கவோ தடுக்கவோ வேண்டிய அதிகாரம் மாநிலங்களுக்கு உரியதா, நடுவண் அரசுக்கு உரியதா என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1990களில் எழுந்த சட்டச் சிக்கல் ஆகும். 2015 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இத்திருமணத்தை அடிப்படை உரிமை என அறிவித்தது. எனினும் 2022 இல் இக்கேள்வி மீண்டும் எழுந்தது.

பின்னணி

அமெரிக்க அரசியலமைப்பில் திருமணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நடுவண் அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று பத்தாவது திருத்தம் (1791) கூறுகிறது. ஆகவே திருமண வயது, மணமுறிவு போன்றவற்றை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்துக்கொண்டது. கனடாவிலும் ஆத்திரேலியாவிலும் நடுவண் நாடாளுமன்றமே திருமணச் சட்டம் இயற்றலாம் என்பதால், அங்கு முறையே 2005, 2017 ஆம் ஆண்டுகளில் ஒரே சட்டத்தால் இது தீர்ந்தது.

மாநிலங்களின் இந்த அதிகாரம் எல்லையற்றதன்று. கலப்பின மணத்திற்கு 16 மாநிலங்களில் இருந்த தடையை 1967 இல் லவிங் எதிர் வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் மினசோட்டாவைச் சேர்ந்த இரு ஆண்கள் திருமண உரிமை கோரிய வழக்கை, நடுவண் சட்டம் சார்ந்த கேள்வி எதுவும் இதில் இல்லை என்று 1972 இல் அதே நீதிமன்றம் தள்ளிவிட்டது.

1996 ஆம் ஆண்டுச் சட்டம்

ஒருபால் இணையருக்குத் திருமணத்தை மறுப்பது பால் அடிப்படையிலான பாகுபாடாக இருக்கக்கூடும் என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 1993 இல் கூறியது. ஹவாயில் நடக்கும் திருமணங்களைத் தாமும் ஏற்க நேரிடுமோ என்று பிற மாநிலங்கள் அஞ்சின. இதன் விளைவாக இயற்றப்பட்ட திருமணப் பாதுகாப்புச் சட்டத்தில் 1996 செப்டம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின் ஒரு பிரிவு, பிற மாநிலத்தில் நடந்த ஒருபால் திருமணத்தை எந்த மாநிலமும் ஏற்க வேண்டியதில்லை என்றது. மற்றொரு பிரிவு, நடுவண் சட்டங்கள் அனைத்திலும் திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவதே என வரையறுத்தது. முதற்பிரிவு மாநில உரிமையின் பெயரால் எழுதப்பட்டது. இரண்டாவது, மாநிலம் செய்துவைத்த திருமணத்தையே நடுவண் அரசு மறுக்க வழிசெய்தது. திருமண நிலையைச் சார்ந்த நடுவண் சட்டக்கூறுகள் 1,138 என 2004 இல் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டு மே 17 அன்று மாசச்சூசெட்சில் ஒருபால் திருமணம் தொடங்கியபின், ஒரே இணையர் மாநில வரிப் படிவத்தில் மணமானவர்களாகவும் நடுவண் வரிப் படிவத்தில் மணமாகாதவர்களாகவும் எழுத வேண்டியிருந்தது.

நாடு முழுவதும் தடை விதிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 2004, 2006 ஆகிய இரு ஆண்டுகளிலும் செனட்டில் போதிய ஆதரவு கிட்டவில்லை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கெய்னே இது மாநிலங்களின் பொறுப்பு என்று கூறி அதை எதிர்த்தார்.

தீர்ப்புகள்

நியூயார்க்கைச் சேர்ந்த எடித் வின்சர் 2007 இல் டொரான்டோவில் தேயா ஸ்பையரை மணந்தார். 2009 இல் ஸ்பையர் இறந்தபோது, இத்திருமணத்தை நடுவண் அரசு ஏற்காததால் 3,63,053 டாலர் மரபுரிமை வரி செலுத்த நேர்ந்தது. கணவனை இழந்த மனைவிக்கு இவ்வரி இருந்திராது. 2013 சூன் 26 அன்று 5-4 என்ற கணக்கில் நடுவண் வரையறை செல்லாது எனத் தீர்ப்பானது. திருமணம் மரபாக மாநிலங்களின் துறை என்பதைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோணி கென்னடி வலியுறுத்தினார்.

சரியாக ஈராண்டுகள் கழித்து, 2015 சூன் 26 அன்று, ஓபர்கெஃபெல் வழக்கில் அதே நீதிபதி எழுதிய தீர்ப்பு மாநிலத் தடைகளையும் நீக்கியது. மேரிலாந்தில் மணந்துகொண்ட ஜிம் ஓபர்கெஃபெல், தம் இணையரின் இறப்புச் சான்றிதழில் தம் பெயரைத் துணைவர் எனக் குறிக்க ஒகையோ மாநிலம் மறுத்ததை எதிர்த்தே வழக்கிட்டிருந்தார். இம்முடிவை மாநில மக்களின் வாக்குக்கு விட்டிருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார்.

2022க்குப் பின்

கருக்கலைப்பு உரிமையை 2022 சூனில் உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, ஓபர்கெஃபெல் தீர்ப்பையும் மறுஆய்வு செய்ய வேண்டும் என நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். இதையடுத்து 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ஜோ பைடன் அதில் கையெழுத்திட்டார். ஒரு மாநிலத்தில் முறைப்படி நடந்த திருமணத்தைப் பிற மாநிலங்களும் நடுவண் அரசும் ஏற்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆனால் ஒருபால் திருமணத்தை நடத்திவைக்குமாறு எந்த மாநிலத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. எனவே 2015 தீர்ப்பு மாற்றப்பட்டால், மாநிலச் சட்டநூல்களில் நீக்கப்படாமல் கிடக்கும் பழைய தடைகள் மீண்டும் உயிர்பெறலாம். கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய் ஆகிய மாநில வாக்காளர்கள் இத்தகைய கூறுகளைத் தம் அரசியலமைப்புகளிலிருந்து 2024 நவம்பரில் நீக்கினர்.