பெயர் ஒன்று, வேர் வேறு

"நாட்டு மருந்துதானே, ஒண்ணும் பண்ணாது." எங்க பெரியம்மா அடிக்கடி சொல்ற வசனம் இது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். பெல்ஜியத்தில் நடந்த ஒரு கதையைப் படிச்ச பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுடுச்சு. சீன மூலிகை பற்றிய கதைதான். ஆனா நமக்கும் அதில் ஒரு பங்கு இருக்கு, கடைசியில் சொல்றேன்.

1990களின் தொடக்கம். பிரஸ்ஸல்ஸ் நகரத்து சிறுநீரக மருத்துவர்களிடம் 50 வயதைக்கூடத் தொடாத பெண்கள் சிலர் வந்தார்கள். சிறுநீரகம் படுவேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தது. வழக்கமான காரணம் எதுவும் பொருந்தவில்லை. விசாரித்ததில் ஓர் ஒற்றுமை தெரிந்தது: எல்லோரும் உடம்பு இளைக்க ஒரே சிகிச்சை நிலையத்துக்குப் போனவர்கள். அங்கே 1990ல்தான் மருந்துக் கலவையில் இரண்டு சீன மூலிகைப் பொடிகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். வான்ஹெர்வெகம் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1993ல் 'லான்செட்' இதழில் இதை எழுதினார்கள். பிறகு பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை 100ஐத் தாண்டியது.

இங்கதான் புதிர். மருந்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர். சீனப் பெயர் ஃபாங் ஜி. அது சிறுநீரகத்தை இப்படிக் கெடுக்கும் சரக்கு இல்லையே?

1994ல் பொடியைக் குரோமட்டோகிராஃபி முறையில் பிரித்துப் பார்த்தார்கள். கிடைத்தது அரிஸ்டோலோகிக் அமிலம்! ஸ்டெஃபானியாவில் இது கிடையாது. இது இருப்பது குவாங் ஃபாங் ஜி என்ற வேறொரு செடியில், அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சியில். இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. பெயரில் பாதி ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பாதிப் பெயருக்குத்தான் இத்தனை பேர் விலை கொடுத்தார்கள்.

கொடுமை அதோடு முடியலை. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட 39 நோயாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. நம் உடம்பே அந்த அமிலத்தை வேறொன்றாக மாற்றுகிறது. அப்படி மாறியது டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. பொடியை நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகும் அந்தத் தடயம் திசுக்களில் இருந்தது.

ஆக, கேள்வி இரண்டு. பொட்டலத்துக்குள்ள என்ன இருக்கு? அது உடம்புக்குள்ள போய் என்ன பண்ணுது?

முதல் கேள்விக்கு வேதிப் பரிசோதனை போதும். இரண்டாவதுதான் கஷ்டம். ஒரு சீனக் கஷாயத்தில் ஏழெட்டு மூலிகை, அதில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தால் ஆயுசு போதாது. 1999ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிக்கல்சன், லிண்டன், ஹோம்ஸ் மூவரும் 'மெட்டபோனோமிக்ஸ்' என்று பெயர் வைத்த முறை இங்கே கைகொடுத்தது. ஒரு வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்தே அங்கே என்ன சமையல்னு சொல்லிடலாம் இல்லையா? அதே மாதிரி சிறுநீரிலும் ரத்தத்திலும் உள்ள சிறு மூலக்கூறுகளை மொத்தமாக அளந்து, உடம்புக்குள் நடப்பதை ஊகிக்கிறார்கள். மருந்தைப் பிரிக்காமல், அது உடம்பில் விட்டுச்செல்லும் மொத்தச் சுவட்டையும் பார்க்கிற வழி.

2006ல் ஷாங்காய் ஆய்வாளர்கள் இதே அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்து இந்த முறையில் பார்த்தார்கள். அமிலம் கொடுத்த எலிகளின் சிறுநீர்ச் சுவடு மற்ற எலிகளிலிருந்து தனியே பிரிந்து நின்றது. இதற்கிடையில் சீன அரசும் 2004ல் குவாங் ஃபாங் ஜியின் மருந்துப் பயன்பாட்டை நிறுத்திவிட்டது.

இதுக்காக மூலிகையே வேண்டாம்னு நான் சொல்லலை. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் சீன மூலிகையிலிருந்து வந்ததுதானே. அதைக் கண்டுபிடித்த தூ யூயூவுக்கு 2015ல் நோபலே கிடைத்தது. எந்தச் செடி, எந்தப் பாகம், யார் சோதிச்சாங்கன்னு கேளுங்கன்னுதான் சொல்றேன்.

சரி, நம்ம பங்கு? அரிஸ்டோலோக்கியா இனம் நம்ம ஊரிலும் உண்டு. ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனம்தான், அந்த அமிலமும் இரண்டிலும் உண்டு. பெரியம்மாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க: "ஆடே தீண்டாதுன்னு பேர்லயே சொல்லி வெச்சிருக்காங்க, நாமதான் காதுல வாங்கலை."