தோட்டத்திலிருந்து வகுப்பறைக்கு: ஜூரோங் வழியாக ரத்தசோகைக் கல்வியின் வரலாறு

ரத்தசோகை பற்றி வளரிளம் பெண்களுக்குப் பள்ளியில் சொல்லித்தரும் வழக்கம் அண்மையது. அது அந்தப் பெண்களை மனத்தில் வைத்தே தொடங்கியதா என்பது ஐயத்துக்குரியது. மருத்துவ ஆவணங்களின் கவனம் முதலில் தொழிலாளர் மீதும், பிறகு கர்ப்பிணிகள் மீதும் விழுந்தது. மாணவி கடைசியாகத்தான் வருகிறாள்.

நூறாண்டுக்கு முந்தைய சிங்கப்பூரின் ஜூரோங்கில் சதுப்பு நிலமும் ரப்பர் தோட்டங்களும் இருந்தன. மலாயாத் தோட்டங்களில் வெறுங்காலோடு உழைத்த தமிழரின் குடலில் கொக்கிப்புழு குடியிருந்து ரத்தத்தை உறிஞ்சியது. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டாக்டர் டார்லிங்கின் குழு, 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் ஆய்வு செய்தது. மருந்து கொடுத்து வெளியேற்றிய புழுக்களை எண்ணி, ஹீமோகுளோபின் அளவோடு ஒப்பிட்டது. தோட்ட முதலாளிகளைப் பொறுத்தவரை இது உடல்நலக் கேள்வி என்பதைவிடக் கூலிநாள் கணக்கு.

அடுத்த கட்டம் தமிழ் மண்ணிலும் நடந்தது. 1928இல் பம்பாய் வந்த மருத்துவர் லூசி வில்ஸ், குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், பின்னர் சென்னை கோஷா மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் அதைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். பிற்பாடு ஃபோலிக் அமிலம் கண்டறியப்பட்டதற்கு அது வழிகாட்டியது. ஆனாலும் கர்ப்பத்துக்கு முன்பே இரும்பிருப்பு கரைந்துபோன பெண்ணை யாரும் தேடவில்லை. 1970இல் இந்திய அரசு தொடங்கிய தடுப்புத் திட்டத்திலும் தாய்மாரும் சிறு குழந்தைகளுமே முன்னால் நின்றார்கள்.

ஜூரோங் 1961இல் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கியது. முதல் ஆலை தேசிய இரும்பு எஃகு ஆலை என்பது, இந்தக் கட்டுரைக்கு வாய்த்த ஒரு வேடிக்கை. அடுக்குமாடி வீடும் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் வந்த ஊரில் கொக்கிப்புழுவுக்கு வழி அடைபட்டது. உணவில் இரும்புப் பற்றாக்குறையும் மாதவிடாய் இழப்பும் மட்டும் மிஞ்சின. அவற்றைப் பேச வாய்ப்பிருந்த இடம் மனையியல் வகுப்பு. அந்த வகுப்போ தொழிற்கொள்கையின் இழுப்புக்கு ஆடியது. ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1969 முதல் உயர்நிலை முதலிரு ஆண்டுகளில் மாணவியரில் பாதிப்பேர் தொழில்நுட்பப் பாடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1980களின் நடுவில் மனையியல் மாணவியருக்குக் கட்டாயமானது. குடும்பம் பற்றிய கவலை அதன் பின்னணி. 1990களின் பிற்பகுதியில் மாணவர்களும் அதைப் படிக்கலானார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் பெண்ணின் வேலையாகவே இருக்கும் வீட்டில், அவள் தட்டில் என்ன விழுகிறது என்பதை அண்ணன் தம்பியும் அறிய வேண்டும். அந்த வகையில் இந்த மாற்றமே முக்கியமானது என்பது என் கருத்து.

சிங்கப்பூர் வகுப்பறை வழியில் போக, இந்தியா மாத்திரை வழியில் போனது. 2012இல் தொடங்கிய வாராந்தரத் திட்டத்தில் பள்ளி மாணவ மாணவியருக்கு 100 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் ஆசிரியர் முன்னிலையில் தரப்பட்டன; ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மருந்து. டார்லிங்கும் வில்ஸும் ஒரே திட்டத்தில் சந்தித்துக்கொண்டார்கள் எனலாம். இருந்தும் 15 முதல் 19 வயதுப் பெண்களிடையே ரத்தசோகை, தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015–16இல் 54.1 விழுக்காடு, 2019–21இல் 59.1. விரல்நுனி ரத்தத்தில் அளந்த எண்கள் என்பதால் இந்த உயர்வு குறித்து விவாதம் உண்டு. குமட்டல் வருகிறது என்று மாத்திரையைத் துப்பும் சிறுமிக்கு, சாப்பிட்ட பின் விழுங்கு, கூடவே தேநீர் குடிக்காதே என்று சொல்ல ஆளில்லாவிட்டால் மாத்திரையால் பயனில்லை என்பதில் விவாதமில்லை.

ஜூரோங் மாணவிக்கு அதே மாத்திரையை அப்படியே நீட்டிவிடவும் முடியாது. சிங்கப்பூரில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு உள்ளவர்கள் கணிசம். 1992இலேயே அதற்கெனத் தேசியப் பதிவகம் ஏற்பட்டது. அந்த மரபணுவும் சிவப்பணுவைச் சிறிதாக்கும். பார்வைக்கு இரும்புக் குறைவு போலவே தெரியும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே வந்தால், உடலின் இரும்பிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்த பிறகே இரும்பு மாத்திரை தருவது முறை.