ஏழு பேரின் சத்தியம்

1837 நவம்பர். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்பக் கையால் எழுதிப் பிரதி எடுத்தார்கள். அது பாடக்குறிப்பு அல்ல. அவர்களுடைய பேராசிரியர்கள் ஏழு பேர் மன்னருக்கு எதிராக எழுதிய கண்டனம்.

கோட்டிங்கன் அப்போது இருந்த ஹானோவர் நாட்டின் புதிய மன்னர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், அரியணை ஏறிய ஆண்டிலேயே 1833-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். அந்தச் சட்டத்தின் பேரில் சத்தியம் செய்தவர்கள் நாங்கள், அதை மீற முடியாது என்றார்கள் ஏழு பேரும். டிசம்பரில் எழுவருக்கும் வேலை போனது. தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களும் அவர்களில் உண்டு. அண்ணன் யாக்கோப் கிரிம் மூன்றே நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

எந்தப் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது? 1737-இல் தொடங்கியபோதே, மற்றத் துறைகளைக் கண்காணிக்கும் அதிகாரத்தை இறையியல் துறைக்குத் தர மறுத்த பல்கலைக்கழகத்தில்! நூற்றாண்டு விழா கொண்டாடிய அதே ஆண்டில்!

நீக்கப்பட்ட இன்னொருவர் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபர். 1833-இல் அவரும் கணித மேதை காஸும் ஊர்க் கூரைகளுக்கு மேலே சுமார் ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தந்தி அனுப்பிக் காட்டியிருந்தார்கள். அந்த அருமையான கூட்டு முறிந்தது.

பல்கலைக்கழகம் மீண்டது. ரீமான், கிளைன், ஹில்பர்ட் என்று கணிதத்தில் உலகமே அண்ணாந்து பார்க்கும் இடத்துக்கு உயர்ந்தது. கணிதவியலாளர் எமி நோதர் பெண் என்பதால் பதவி மறுக்கப்பட்டபோது, ஹில்பர்ட் தன் பெயரில் வகுப்பை அறிவித்து அவரைப் பாடம் நடத்த வைத்தார். 1925-இல் குவாண்டம் இயக்கவியலுக்குக் கணித உருவம் தந்தவர்கள் ஹைசன்பர்க், மேக்ஸ் போர்ன், யோர்டான், மூவரும் கோட்டிங்கன்காரர்கள்.

1933 ஏப்ரலில் நாஜிகள் கொண்டுவந்த சட்டம், யூதர்களை அரசுப் பணியிலிருந்து விரட்டியது. போர்ன், நோதர், கணிதவியலாளர் கூரன்ட் எல்லாரையும் சில வாரங்களிலேயே ஒதுக்கி வைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஃபிராங்க் முதல் உலகப் போரில் களம் கண்டவர் என்பதால் சட்டத்திலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. அந்தச் சலுகையை உதறி, அவர் பதவி விலகினார்.

இம்முறையும் ஆசிரியர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். கையெழுத்திட்டவர்கள் 42 பேர். கண்டித்தது அரசை அல்ல, ஃபிராங்கை! கோட்டிங்கனின் புகழை அழித்ததில் நாஜிகளுக்கு இருக்கும் பங்கு இந்த 42 பேருக்கும் உண்டு.

விரட்டப்பட்ட கூரன்ட் நியூயார்க்கில் புதிய கணித நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். 1953-இல் போர்ன், ஃபிராங்க், கூரன்ட் மூவரையும் கோட்டிங்கன் நகரம் கௌரவக் குடிமக்கள் ஆக்கியது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்த ஃபிராங்க் அந்நாட்டுக் குடிமகனாகவே வாழ்ந்தார். 1964 மே மாதம் பழைய ஊரைப் பார்க்க வந்த இடத்தில், கோட்டிங்கனிலேயே அவர் உயிர் பிரிந்தது.