அளவைப் படிக்கும் அதிகாரம்: குளுக்கோமீட்டர் வடிவமைப்பின் வரலாறு

மருத்துவக் கருவிகளின் வரலாற்றில் வேதியியலுக்கும் மின்னணுவியலுக்கும் கிடைக்கும் இடம் வடிவமைப்புக்குக் கிடைப்பதில்லை. அது மேற்பூச்சு என்றே ஒதுக்கப்படுகிறது. குளுக்கோமீட்டரின் வரலாறு வேறு கதை சொல்கிறது. கருவியை யார் கையில் வைத்து எண்ணுகிறோம், அது காட்டும் அளவை யார் படிக்கலாம் என்ற முடிவுகளே வடிவமைப்பின் உயிர்நிலை. அவை மாறியபோதுதான் சர்க்கரை நோய்ச் சிகிச்சையும் மாறியது.

அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் 1960களின் நடுவில் கொண்டுவந்த டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ் பட்டையில் பெரிய துளி இரத்தத்தை இட்டு, 60 விநாடி பொறுத்து, நீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நிறம் ஆளுக்கு ஆள் வேறாகத் தெரிந்தது. அந்தக் குறையைப் போக்க ஆன்டன் கிளெமென்ஸ் உருவாக்கிய ரிஃப்ளெக்டன்ஸ் மீட்டர் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்குமே உரியதாகக் கருதப்பட்டது. பன்னிரண்டு வயது முதல் சர்க்கரை நோயுடன் வாழ்ந்த பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில்தான் அதை வாங்க முடிந்தது. நாளுக்குப் பலமுறை அளந்து இன்சுலினைத் திருத்திக்கொண்ட அவரது அனுபவத்தை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. 45 வயதில் அவரே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கருவிக்கு அளக்கத் தெரிந்திருந்தது. நோயாளி அதைப் பயன்படுத்துவார் என்ற எண்ணம்தான் யாருக்கும் எழவில்லை. சாதாரண நோயாளிகளும் வீட்டிலேயே அளக்க முடியும் என்று இரு பிரிட்டிஷ் ஆய்வுகள் 'லான்செட்' இதழில் காட்டியது 1978இல்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது, நிறத்துக்குப் பதில் மின்னோட்டத்தைக் கொண்டு அளக்கும் மின்வேதியியல் உணரிதானே என்று கேட்கலாம். அதன் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் 1987இல் பேனா வடிவில் வந்த எக்ஸாக்டெக் கருவியில் இயங்கியது டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸில் இருந்த அதே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதிதான். கழுவுவதும் துடைப்பதும் ஒழிந்தன. கருவி சட்டைப்பைக்குள் அடங்கியது. புதிய உணரியைக் கொண்டு மேசைக் கருவி ஒன்றையும் செய்திருக்கலாம். பேனாவாகச் செய்தது வடிவமைப்பின் தேர்வு. 1993இல் வெளியான டிசிசிடி என்ற சர்க்கரை நோய் ஆய்வு 1,441 பேரிடம் தீவிரச் சிகிச்சையின் பலனை நிறுவியது. நாளுக்கு நான்கு முறையாவது இரத்தச் சர்க்கரையை அளப்பது அச்சிகிச்சையின் அடிப்படை. கழுவித் துடைக்கும் பட்டையோடு அலுவலகத்தில் எத்தனை பேர் அப்படி அளந்திருப்பார்கள்?

நோயாளி அளவைத் தவறாகப் படித்து ஆபத்தில் சிக்குவார் என்ற மருத்துவர்களின் அச்சம் பொய்யல்ல. சில மீட்டர்களில் அலகு தற்செயலாக மாறிவிடுவதாக 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஓர் அலகில் 180 என்பது மற்றொன்றில் 10. குழம்பினால் இன்சுலின் அளவே தவறும். ஆனால் இது நோயாளியின் அறியாமை அல்ல, மாற்றக்கூடாததை மாற்றவிட்ட கருவியின் பிழை. அலகைப் பூட்டினால் தீர்ந்தது. அச்சத்தின் மறுமுனையையும் பார்க்க வேண்டும்: 1999இல் அனுமதி பெற்ற, உடலில் அணிந்து சர்க்கரையை இடைவிடாது அளக்கும் முதல் தொடர் கண்காணிப்புக் கருவி மூன்று நாள் அளந்ததை அணிந்தவருக்கே காட்டவில்லை, மருத்துவர் பின்னர் கணினியில் இறக்கிப் பார்த்தார். 2013இல் பெற்றோர் சிலர் கருவியின் தரவைத் தாங்களே இணையத்தில் ஏற்றி, பள்ளியிலிருக்கும் குழந்தையின் சர்க்கரையைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கினர். அது நைட்ஸ்கவுட் என்ற கூட்டு முயற்சியாக வளர்ந்தது. தொலைவிலிருந்து பார்க்கும் வசதியுள்ள நிறுவனச் செயலிக்கு 2015 தொடக்கத்தில்தான் அனுமதி கிடைத்தது.

இந்த வாதத்துக்கு உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. இன்சுலின் போடாத 453 நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளியான பிரிட்டனின் டைஜெம் ஆய்வில், வீட்டில் அளந்தவர்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு குறிப்பிடும்படி மேம்படவில்லை. இன்சுலின் போடுபவர் அளவைப் பார்த்து மருந்தைத் திருத்துகிறார். மற்றவருக்கு அந்த எண்ணைக் கொண்டு உடனே செய்ய எதுவுமில்லை. அளவைக் கையில் கொடுத்து, அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்ட வடிவமைப்பு பாதி வேலைதான். மருந்துச் சீட்டின்றி வாங்கக்கூடிய முதல் தொடர் கண்காணிப்புக் கருவிக்கு 2024 மார்ச்சில் எஃப்டிஏ அனுமதி வழங்கியது. இன்சுலின் போடாதவர்களுக்காகவே அது செய்யப்பட்டது.