மேட்டுநிலத்துக்குத் தண்ணீர் தந்த ஈட்டுப் பத்திரம்
(கூட்டுறவு வார விழா மலருக்காக)

கம்பம் பள்ளத்தாக்கில் 1895-ஆம் ஆண்டை அறியாதவர் இல்லை. பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே இறங்கிய ஆண்டு அது. கூட்டுறவாளர்கள் அதே ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் நில வங்கிகளும் வேளாண் வங்கிகளும் அமைப்பது பற்றி பிரடெரிக் நிக்கல்சன் எழுதிய அறிக்கையின் முதல் தொகுதி 1895-இல்தான் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி 1897-இல் வந்தது. தண்ணீர் வந்த கதையை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டுவிடுகிறார்கள். கடன் வந்த கதையைச் சொல்ல ஆள் குறைவு. அதை இந்த மலரில் பதிந்து வைப்பது நம் கடமை.

வாய்க்கால் எட்டாத நிலம்

கூடலூர் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறது. வாய்க்கால் பாயும் அந்த வயலுக்குச் சற்று மேலே ஏறினால் மானாவாரி தொடங்கிவிடும். ஆண்டிபட்டிப் பக்கம், தேவாரத்துக் காடு, போடியின் கரட்டு ஓரம் என்று மேட்டுநிலம் வைத்திருந்தவர்களுக்கு ஒரே வழி கிணறு. கிணறு வெட்டப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் நிலத்தை ஈடு வைக்க வேண்டும்.

அன்றைய ஈடு எப்படிப்பட்டது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். ஒத்தி, போக்கியம் என்று எழுதிக் கொடுத்தால் நிலத்தின் அனுபோகம் கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். விளைச்சலை அவர் எடுத்துக்கொள்வார். சொந்தக்காரர் தம் நிலத்திலேயே கூலிக்கு நிற்பார். விளைச்சல் கையில் இல்லாதவர் எதைக் கொண்டு அசலை அடைப்பார்? மூன்று ஆண்டு என்று வைத்த ஒத்தி முப்பது ஆண்டு மீளாமல் கிடந்ததும் உண்டு.

1929-30-இல் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு, மாகாணத்தின் கிராமக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை ஒட்டி உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் அப்படியே நிற்க, கடனை அடைக்கும் நெல்லின் மதிப்பு மட்டும் குறைந்தது. நிலம் கைமாறாத ஓர் அடமானம் தேவைப்பட்டது அந்த நேரத்தில்தான்.

பத்திரம் பணமான வழி

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் விதைக்கும் உரத்துக்கும் கடன் தந்தன. ஓராண்டுக்கு வாங்கிய வைப்புத்தொகையை இருபது ஆண்டுக் கடனாகக் கொடுக்க அவற்றால் இயலாது. நீண்ட காலக் கடனுக்குத் தனி நிறுவனம் வேண்டும் என்று 1927-28-இல் டவுன்சென்ட் குழு பரிந்துரைத்தது. அதன் பயனாக 1929-இல் சென்னை மத்திய நில அடமான வங்கி பிறந்தது. நாட்டில் பிற மாகாணங்களுக்கு அது முன்னோடி ஆயிற்று. 1934-இல் நில அடமான வங்கிகளுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது.

அதன் அமைப்பு எளிமையானது, நேர்த்தியானது. உழவர் தம் நிலத்தை ஊரிலுள்ள தொடக்க வங்கிக்கு ஈடு எழுதித் தருவார். தொடக்க வங்கி அந்த ஈட்டை மத்திய வங்கிக்கு மாற்றிக் கொடுக்கும். மத்திய வங்கி அப்படிச் சேர்ந்த ஈடுகளின் பலத்தில் கடன்பத்திரம் வெளியிடும். அசலுக்கும் வட்டிக்கும் அரசு உத்தரவாதம் இருந்ததால் பட்டணத்துப் பணம் நம்பி வந்தது. தனியாக நின்றால் ஒரு சிறிய ஊர் வங்கியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நூறு வங்கிகள் ஒரு கூரையின் கீழ் நின்றபோது கரட்டு ஓரத்து மூன்று ஏக்கருக்கும் சென்னைச் சந்தையில் மதிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈடு வங்கியில் இருக்க, ஏர் உழவரின் கையிலேயே இருந்தது.

முதல் இருபது ஆண்டுகளில் இந்த வங்கிகள் பெரும்பாலும் பழைய கடனை மீட்கவே கடன் தந்தன. லேவாதேவிக்காரரிடம் கிடந்த பத்திரங்கள் மீண்டு வந்தன. ஆனாலும் தேவை மலையளவு, வசதி கடுகளவு. 1951-52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடு மட்டுமே என்று காட்டியது. வட்டிக்கு விடுவோரின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு.

கிணற்றடியில் அளவு நாடா

அதன் பிறகுதான் நம் வங்கிகள் மண்ணுக்குள் இறங்கின. 1950-களின் கடைசியில் லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கமலை இறைத்த இடத்தில் ஆயில் இன்ஜினும், பிறகு மின்மோட்டாரும் வந்தன. கிணறு வெட்ட, ஆழப்படுத்த, மோட்டார் வைக்க என்று கடன் மனுக்கள் குவிந்தன.

அந்த மனுக்கட்டு ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வரலாறு. மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாயாரின் இடது பெருவிரல் ரேகையும் இருக்கும். கடன் ஒரே மூச்சில் கைக்கு வராது. முதல் தவணையில் வெட்டத் தொடங்க வேண்டும். பிறகு மேற்பார்வையாளர் நாடாவோடு வருவார். நாடாவின் நுனியில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். மேலே குவிந்த மண்ணையும் பாறைச் சில்லையும் பார்த்துக் குறிப்பெழுதுவார். வெட்டிய ஆழம் சரியாக இருந்தால்தான் அடுத்த தவணை. அவர் வரும் நாளில் வீடே கிணற்றடியில் நிற்கும். ஊற்றுக் கண் திறந்த அன்று அவருக்கும் சேர்த்துத்தான் பொங்கல் வைத்தார்கள்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் இன்று கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்களைப் பார்க்கிறோம். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நட்ட கொடி காய்க்கும் வரை பொறுத்திருக்கும் பணம் பந்தல் விவசாயத்துக்கு வேண்டும். நீண்ட காலக் கடனின் அருமையை விளக்க இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தவணை தேங்கிய காலம்

நில அடமான வங்கி பின்னாளில் நிலவள வங்கி ஆனது. பிறகு தொடக்கக் கூட்டுறவு வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி என்று பெயர் நீண்டது. நம் ஊர்களில் இன்றும் அது நிலவள வங்கிதான். இத்தகைய வங்கிகளுக்கு 1960-இல் தேசியக் கூட்டமைப்பு அமைந்தது. 1982-இல் நபார்டு பிறந்து மறுநிதி தந்தது.

வளர்ச்சியோடு வலியும் வந்தது. நீதிமன்றம் போகாமலே ஈட்டு நிலத்தை ஏலம் விடும் அதிகாரத்தைச் சட்டம் இந்த வங்கிகளுக்குத் தந்திருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த அதிகாரம் உழவரின் மானத்தைத் தொட்டது. நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் வீதிக்கு வந்தபோது மின்கட்டணத்தோடு கடன் ஜப்தியும் போராட்டப் பொருளானது. மறுபுறம், கட்ட முடிந்தவர்களும் தள்ளுபடியை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்தினார்கள். வசூல் குறைந்தால் மறுநிதியும் குறையும். வங்கிகள் நீண்ட காலக் கடனை விட்டு நகைக்கடனில் காலம் தள்ள நேர்ந்தது. 2016-இல் சிறு, குறு உழவர்களின் கூட்டுறவுக் கடன் 5,780 கோடி ரூபாயைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோது நீண்ட காலக் கடனும் அதில் அடங்கியது. பல குடும்பங்களின் பத்திரங்கள் அப்படி வீடு திரும்பின. அது பெரிய ஆறுதல். ஆனால் அடுத்த உழவருக்குக் கொடுக்கும் பணம், முன்னவர் கட்டும் தவணையிலிருந்துதான் வர வேண்டும்.

உறுப்பினர்களுக்கு

நிலத்தடி நீர் கீழே போய்விட்ட இந்நாளில் இன்னொரு கிணறு என்பது தீர்வாகாது. சொட்டுநீர், பண்ணைக்குட்டை, பந்தல் சீரமைப்பு, விளைபொருள் சேமிப்பு என எல்லாவற்றுக்கும் பல ஆண்டு பொறுக்கும் கடன் வேண்டும். நகையை வைத்து ஓராண்டுக்கு வாங்கும் பணம் அதற்கு உதவாது. அந்த வேலைக்கென்றே நம் முன்னோர் கட்டிய நிறுவனம் இது.

ஆகவே உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். தவணையை நாளில் கட்டுங்கள். பேரவைக் கூட்டத்துக்கு வந்து கணக்கைக் கேளுங்கள். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி, வீட்டு இளைஞரை உறுப்பினராகச் சேருங்கள். வங்கியை நடத்த ஆள் எங்கிருந்தோ வரப்போவதில்லை. அது உங்கள் பங்குத்தொகையில் நிற்கிறது.