தகரப் பத்தியின் கீழ் ஒரு பெரும் செல்வம்

2014ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரின் ஆர்க்கூரியால் என்னும் ஏல நிறுவனத்தைச் சேர்ந்த மத்தியூ லமூர், பியேர் நொவிகோவ் ஆகிய இருவர், பிரான்சின் மேற்குப் புறத்திலுள்ள டூ செவ்ர் மாவட்டத்தில் ஒரு தனியார் வளவுக்குச் சென்றனர். பழைய கார்கள் சில கிடக்கின்றன, வந்து பார்த்து மதிப்பிடுங்கள் என்று அக்குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அழைத்திருந்தார்கள். இத்தகைய அழைப்புகள் ஏலக்காரருக்குப் புதியனவல்ல. ஆனால் அங்கே அவர்கள் கண்டது ஏறத்தாழ அறுபது கார்கள். புகாட்டி, ஹிஸ்பானோ சுவிசா, டெலாஹே, டெலாஜ், டல்போ லாகோ, பன்ஹார் லெவசோர் என்று பிரெஞ்சு மோட்டார் வரலாற்றின் பெயர்ப்பட்டியலே அங்கு வரிசையாகக் கிடந்தது. எகிப்தின் கடைசி மன்னர்களில் ஒருவரான பாரூக்கிடம் இருந்த டல்போவும் அதில் ஒன்று. மன்னர் 1952இல் முடியிழந்தார். அவருடைய வண்டியோ, சுவரில்லாத தகரப் பத்தியொன்றின் கீழ், கொடி படர்ந்து, சில்லுகள் மண்ணில் புதைந்து நின்றது.

இந்தக் கார்களைச் சேர்த்தவர் ரொஜே பையோன் என்பவர். நியோர் நகரை அண்டிய பகுதியில் லொறிப் போக்குவரத்துத் தொழில் நடத்தி முன்னுக்கு வந்தவர். வெறும் பணக்காரச் சேகரிப்பாளர் அல்லர். இயந்திரத்தைக் கையால் தொட்டு அறிந்தவர். தம் சொந்த வடிவமைப்பில் வாகனம் உருவாக்கியவர். 1950களிலே பழைய கார்களை வாங்கத் தொடங்கினார். அவற்றைக் கொண்டு ஒரு நூதனசாலை அமைப்பதே அவருடைய கனவாக இருந்தது.

அக்காலத்தில் இந்தக் கார்களை எவரும் பொக்கிஷமாகக் கருதவில்லை என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பெரிய இயந்திரம் பூட்டிய வாகனங்கள் மீது பிரெஞ்சு அரசு கடும் வரி விதித்தது. ஆடம்பரக் கார் செய்த நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. டெலாஹே 1954இல் ஒட்ச்கிஸ் நிறுவனத்துடன் கரைந்தது. டல்போ லாகோவைச் சில ஆண்டுகளில் சிம்கா விழுங்கியது. சௌச்சிக் போன்ற உடற்கட்டுக் கலைஞர்கள், தையற்காரர் உடை தைப்பது போல ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியே தகடு வளைத்துச் செய்த கார்கள், உதிரிப்பாகமும் இல்லாமல், வாங்குவாரும் இல்லாமல், பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. பையோன் வாங்கியிராவிடில் அவற்றுட் பல உருக்காலையில் முடிந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அவரைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் வாங்கிய வேகத்துக்கு அவரால் கூரை போட முடியவில்லை. நூதனசாலை எழும்வரை தற்காலிகமாக என்று வளவிலே தகரப் பத்திகள் இறக்கப்பட்டன. 1970களில் தொழில் நொடித்தது. சேகரிப்பின் ஒரு பகுதி ஏலத்தில் போயிற்று. எஞ்சியவை நின்ற இடத்திலேயே நின்றன. தற்காலிகம் என்பது அரை நூற்றாண்டாக நீண்டது. தந்தைக்குப் பின் மகனும் அவற்றை விற்கவில்லை, திருத்தவுமில்லை. அந்த மகனும் இறந்த பின்னரே உலகம் அறிந்தது.

கராஜ் என்றால் இலங்கையிலே நம்மவருக்கு வாகனம் திருத்தும் இடந்தான் முதலில் நினைவுக்கு வரும். அச்சொல் பிரெஞ்சு மொழியிற் பிறந்தது. பாதுகாப்பாக ஒதுக்கி நிறுத்துவது என்பதே அதன் அடிப்பொருள். முதலில் கால்வாய்ப் படகுகளுக்குத்தான் அது வழங்கியதாம். அச்சொல்லை உலகுக்குக் கொடுத்த நாட்டிலேயே, அந்நாட்டின் மிகச் சிறந்த கார்கள் ஒதுங்க இடமின்றி நின்றன.

திறந்த வெளியில் நிற்கும் காரைக் கொல்வது மழை என்றே பலரும் எண்ணுகின்றனர். மழையைவிடக் கொடியது காற்றிலுள்ள ஈரம். ஈரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கடந்தால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரெனக் கூடுகிறது என்பதை, பிரித்தானியாவில் வெர்னன் என்ற ஆய்வாளர் 1920களிலும் 30களிலும் செய்த சோதனைகளில் காட்டினார். நியோர் நகரிலிருந்து அத்திலாந்திக் கரையிலுள்ள லா ரோஷெல் சுமார் 60 கிலோமீற்றர்தான். அங்கு குளிர்காலம் முழுவதும் காற்று ஈரமாகவே இருக்கும். இரவிலே குளிர்ந்துபோன உலோகத்தின் மீது, காலையில் வரும் சற்று வெப்பமான ஈரக்காற்று படும்போது பனித்துளி கோர்க்கிறது. கதவின் உட்புறம், சட்டத்தின் குழாய், எண்ணெய் வடிந்துபோன இயந்திரம் என்று கூரை எட்டாத இடமெல்லாம் அது எட்டும்.

ஆடம்பரக் கார்களுக்கு இன்னுமொரு சாபம் உண்டு. எடையைக் குறைப்பதற்காக உருக்குச் சட்டத்தின் மீது அலுமினியத் தகடு போர்த்துவது அக்காலப் பெருங்கலை. ஈரம் நடுவில் வந்துவிட்டால் இரு உலோகங்களும் ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. தோல் இருக்கைகள் பூஞ்சணம் பிடிக்கும். மின்கம்பியின் உறையை எலி கடிக்கும். தடை எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி உருளைகளை இறுக்கிவிடும். ஆக, எந்த நுட்பம் ஒரு காரை விலையுயர்ந்ததாக்கியதோ அதே நுட்பமே வெளியில் நிற்கும்போது அதற்குப் பகையாகிறது. 

ஓடிக்கொண்டிருக்கும் கார் வேறு கதை. 1990களில், பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடியதை அக்காலத்தில் அங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுட் பலவற்றுக்கு ஓலைக் கொட்டிலே கராஜ். ஆயினும் நாள்தோறும் இயந்திரம் சூடேறியது, எண்ணெய் ஓடியது, யாரோ ஒருவரின் கை பட்டுக்கொண்டிருந்தது. பையோனின் வளவில் இல்லாமற் போனது கூரை மட்டுமன்று.

அப்படியிருந்தும் அக்கார்கள் முற்றாக அழியாமல் நின்றதற்கு, விந்தையாக, அந்தப் பத்திகளின் வறுமையே ஒரு காரணம் எனலாம். தகரம் மழையைத் தடுத்தது. சுவர் இல்லாமையால் காற்று வந்து போயிற்று. படங்கால் இறுக மூடிக் கட்டியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். இன்றும் வீட்டு முற்றத்தில் விலையுயர்ந்த காருக்கு நெகிழித் துணி போர்த்தி, கடமை முடிந்தது என்று உள்ளே போகிறவர்கள் பலர். மூச்சு விடாத போர்வை, போர்வையே இல்லாமையைவிடக் கேடானது.

அந்த வளவிலே இரண்டு கார்கள் மட்டும் மூடிய அறைக்குள் இருந்தன. ஒன்று மசெராட்டி. மற்றது 1961ஆம் ஆண்டின் பெராரி 250 ஜிரி கலிபோர்னியா ஸ்பைடர். சிறிய அடிச்சட்டத்துடன் அறுபதுக்கும் குறைவாகவே செய்யப்பட்ட, மடக்குக் கூரை கொண்ட வகை. நடிகர் அலன் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த கார் அது. ஜேன் பொண்டாவுடன் அவர் அதில் அமர்ந்திருக்கும் படங்கள் உண்டு. அதன்மீது பழைய சஞ்சிகைக் கட்டுகள் குவிந்து கிடந்தன. பத்திரிகைக் காகிதத்துக்கு இப்படியொரு காவற்பணி கிடைத்ததில் எனக்குச் சிறிது தொழில்சார்ந்த மகிழ்ச்சி உண்டு.

இதே நாட்டில், நேரெதிரான ஒரு சேகரிப்பும் இருந்தது. மூலூஸ் நகரின் ஷ்லும்ப் சகோதரர்கள், தம் நெசவாலையின் கட்டடங்களுக்குள் புகாட்டிகளையும் பிறவற்றையும் நூற்றுக்கணக்கில் மறைத்து, பளபளக்கத் துலக்கி வைத்திருந்தனர். ஆலை நொடித்து அவர்கள் சுவிற்சர்லாந்துக்குச் சென்றபின், 1977இல் ஆலையைக் கைப்பற்றிய தொழிலாளர் கதவைத் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். தங்கள் வேலை போன காரணம் அங்கே வரிசையாக மின்னிக்கொண்டு நின்றதாகவே அவர்களுக்குப் பட்டது. அடுத்த ஆண்டு அச்சேகரிப்பு தேசிய நினைவுச் செல்வமாக்கப்பட்டது. 1982இல் நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே கார் பிழைத்தது, ஆலை வீழ்ந்தது. பையோனோ எவரையும் மறைத்து ஏய்க்கவில்லை. தம்மிடம் இருந்ததைவிடப் பெரிய கனவு கண்டார், அவ்வளவே. இருவருள் யார் கார்களை நேசித்தவர் என்று கேட்டால், நான் பையோன் பக்கமே நிற்பேன். கார்களின் பக்கமிருந்து கேட்டால் விடை மாறலாம்.

2015 பெப்ரவரி 6ஆம் திகதி பாரிஸில் ஏலம் நடந்தது. வாகனங்கள் கழுவப்படாமல், தூசியும் துருவுமாகவே காட்சிக்கு வைக்கப்பட்டன. 59 கார்களும் விற்றுப் போயின. மொத்தம் 25 மில்லியன் யூரோவுக்குச் சற்று மேல். அதில் பெராரி ஒன்றே சுமார் 16.3 மில்லியன். அறைக்குள் அதனுடன் நின்ற மசெராட்டி இரண்டு மில்லியனை நெருங்கியது. ஆக, மூடிய கதவுக்குள் இருந்த இரண்டும் சேர்ந்து மொத்தத் தொகையில் ஏழு பங்கில் ஐந்தைக் கொண்டு சென்றன. பெராரி என்ற பெயருக்கும் டெலோனின் புகழுக்கும் இதிற் பெரும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எஞ்சிய ஐம்பத்தேழில் வாங்குபவர்கள் பேசியது வேறு விடயம். இதைத் திருத்துவதா, இப்படியே வைப்பதா? திருத்தினால் மூலத் தகட்டின் பெரும்பகுதியை வெட்டியெறிய வேண்டும். விட்டால் துரு தன் வேலையைத் தொடரும். வாங்கியவர்கள் அவற்றை லொறிகளில் ஏற்றிச் சென்றார்கள். கொடியின் காய்ந்த சருகுகள் சிலவற்றின் சில்லுகளில் அப்போதும் ஒட்டியிருந்தன.