மைசூருவின் கெய்ன்ஸ்: சுற்றுப் பலகை முதல் சிப் வரை

மைசூருவில் மின்பொறியியல் பயின்ற ரமேஷ் குன்ஹிகண்ணன், அதே நகரில் 1988-ஆம் ஆண்டு தனிநபர் நிறுவனமாகத் தொடங்கியதே கெய்ன்ஸ் டெக்னாலஜி. பின்னர் அவரது மனைவி சவிதா ரமேஷும் நிர்வாகத்தில் இணைந்தார். பிற நிறுவனங்களுக்காக மின்னணுச் சுற்றுப் பலகைகளைத் தயாரித்து வழங்குவதே இதன் முதன்மைத் தொழில். ரயில்வே, வாகனம், மருத்துவக் கருவிகள் எனப் பல துறைகளில் அவை பயன்பட்டாலும், பொருளின் மீது இருப்பது வாங்கியவரின் பெயரே. அதனால் பொதுமக்கள் நீண்டகாலம் இந்நிறுவனத்தை அறியவில்லை.

2022 நவம்பரில் ரூ.587 விலையில் பங்குகளை வெளியிட்டுப் பங்குச் சந்தைக்கு வந்தது. சந்திரயான்-3 திட்டத்துக்கு மின்னணு அமைப்புகளை வழங்கியது, 2023-இல் அதன் பெயரை நாடறியச் செய்தது.

அடுத்த கட்டமான செமிகண்டக்டர் ஆலை மட்டும் மைசூருவுக்கு வாய்க்கவில்லை. குஜராத்தின் சனந்தில் ரூ.3,300 கோடி முதலீட்டில், நாளொன்றுக்கு 60 லட்சம் சிப்கள் தயாரிக்கும் திறனுடன் அமையும் அந்த ஆலைக்கு, மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது.